புல்வெட்டும் இயந்திரம்: பெட்ரோலிலிருந்து மின்கலத்துக்கு

புல்வெட்டும் இயந்திரம் என்பது வீட்டு முற்றம், பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகியவற்றில் வளரும் புல்லை ஒரே உயரத்தில் வெட்டிச் சமப்படுத்தும் கருவியாகும். இது இங்கிலாந்தில் 1830இல் தோன்றியது. முதலில் மனிதர் தள்ளினர். பின்னர் குதிரை இழுத்தது. அதன்பின் நீராவியும் பெட்ரோலும் அதனை இயக்கின. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் தம் பெட்ரோல் இயந்திரத்தைக் கைவிட்டு மின்கலத்தில் ஓடும் இயந்திரத்தை வாங்குகின்றனர். கலிபோர்னியா மாநிலம் இதனைச் சட்டமாகவே ஆக்கியுள்ளது.

அமெரிக்கர் இந்தப் பழைய இயந்திரத்தைக் 'காஸ்' புல்வெட்டி என்பர். அவர்கள் பேச்சில் 'காஸ்' என்பது பெட்ரோல். நம் வீட்டுச் சமையல் எரிவாயு அன்று. இக்கட்டுரையில் பெட்ரோல் என்றே குறிக்கப்படுகிறது.

ஒரு சிறு தோட்டக் கருவியின் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். யார் புல் வெட்டுகிறார், யாருக்காக வெட்டுகிறார், அதன் புகையை யார் சுவாசிக்கிறார் என்ற கேள்விகள் இந்த இருநூறு ஆண்டுகளிலும் இயந்திரத்தோடு கூடவே வந்துள்ளன.

அரிவாளின் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரந்த புல்தரை செல்வத்தின் அடையாளமாக இருந்தது. உணவுப் பயிர் விளையக்கூடிய நிலத்தை வெறும் பார்வைக்காக விட்டுவைக்க ஒரு பிரபுவால்தான் முடியும். அந்தப் புல்லைக் குட்டையாக வைத்திருக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஆடுகளை மேயவிடுவது. மற்றொன்று நீண்ட பிடியுள்ள அரிவாளால் ஆட்களைக் கொண்டு அறுப்பது.

அரிவாள் வேலை எளிதன்று. காய்ந்த புல் வளைந்து நழுவிவிடும். ஈரப்புல்லே அரிவாளுக்கு நன்றாக இணங்கும். எனவே பனி உலர்வதற்குள், விடியற்காலையில், ஆட்கள் வரிசையாக நின்று அறுக்க வேண்டும். தேர்ந்த கையால்தான் தழும்பு விழாமல் அறுக்க முடியும். அறுத்த புல்லைக் கூட்டி அள்ளுவதற்குத் தனியே ஆட்கள் தேவை.

ஆடு மேய்க்கும் வழி இருபதாம் நூற்றாண்டிலும் முற்றாக மறையவில்லை. முதல் உலகப் போரின்போது ஆள் பற்றாக்குறை காரணமாக, அதிபர் வில்சன் வெள்ளை மாளிகைப் புல்தரையில் செம்மறியாடுகளை மேயவிட்டார். அவற்றின் கம்பளி ஏலம் விடப்பட்டு, பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சென்றது.

துணி ஆலையில் பிறந்த யோசனை

இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயரில் ஸ்டிரவுட் என்ற ஊர் உள்ளது. கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற பகுதி அது. பிரித்தானியப் படைவீரரின் சிவப்புச் சீருடைக்கான துணி அங்கு நெய்யப்பட்டது. நெய்து முடித்த கம்பளியில் இழைநுனிகள் சிலும்பி நிற்கும். அவற்றை ஒரே மட்டமாகக் கத்தரித்தால்தான் துணி வழவழப்பாகும். முன்பு பெரிய கத்தரிகளைக் கொண்டு கையால் செய்யப்பட்ட இவ்வேலையைச் செய்ய ஆலைகளில் ஓர் இயந்திரம் வந்திருந்தது. ஓர் உருளையில் திருகுபோல் வளைந்த கத்திகள் பொருத்தப்பட்டிருக்கும். உருளை சுழலும்போது, கீழேயுள்ள அசையாத கத்தியின் விளிம்பில் உரசிச் சிலும்பல்களைக் கத்தரித்துவிடும்.

அப்பகுதியில் வாழ்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்ற இயந்திர வல்லுநர் இதனைக் கவனித்தார். துணிக்குச் செய்வதைத் தரைக்கும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஜான் ஃபெரபி என்ற ஆலை உரிமையாளரோடு கூட்டுச் சேர்ந்தார். த்ரப் என்ற இடத்திலிருந்த ஃபெரபியின் ஃபீனிக்ஸ் இரும்பாலையில் முதல் இயந்திரம் உருவாயிற்று. 1830 ஆகஸ்டு 31 அன்று காப்புரிமை கிடைத்தது.

முதல் இயந்திரம் 19 அங்குல அகலம் வெட்டியது. இரும்புச் சட்டம், பின்னால் ஒரு கனமான உருளை, அதிலிருந்து பற்சக்கரங்கள் வழியாகச் சுழலும் கத்தி உருளை, வெட்டிய புல் வந்து விழ முன்னால் ஒரு தட்டு. கனமாக இருந்ததால் முன்புறமும் ஒரு கைப்பிடி வைக்கப்பட்டது. ஒருவர் தள்ள, தேவைப்பட்டால் மற்றொருவர் இழுக்கலாம். காப்புரிமை ஆவணத்தில் பட்டிங் ஒரு சுவையான குறிப்பையும் சேர்த்தார்: நாட்டுப்புறக் கனவான்கள் இதைத் தாமே இயக்கினால் அது பொழுதுபோக்காகவும் உடற்பயிற்சியாகவும் அமையும் என்பது அதன் கருத்து. கனவான்கள் எத்தனை பேர் அந்த இரும்புப் பாரத்தைத் தள்ளினார்களோ! தோட்டக்காரரே தள்ளியிருப்பர்.

தொடக்கத்தில் இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவிலிருந்த விலங்கியல் தோட்டமும் ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளும் இதனை வாங்கின. 1832இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று உற்பத்தியைத் தொடங்கியது. பட்டிங் 1846இல் காலமானார். திருகித் திறப்பளவை மாற்றக்கூடிய ஸ்பேனர் ஒன்றையும் உருவாக்கியவர் என்று அவர் அறியப்படுகிறார்.

குதிரை, நீராவி, பெட்ரோல்

1840களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஆர்புரோத் ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷாங்ஸ் குதிரைக்குட்டி இழுக்கும் பெரிய இயந்திரத்தைச் செய்தார். குளம்பு புல்தரையில் பள்ளம் பறிக்காமல் இருக்கக் குதிரைகளுக்குத் தோலால் ஆன காலணி மாட்டினார்கள். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் புல்தரை விளையாட்டுகள் பெருகின. விம்பிள்டனில் 1877இல் நடந்த முதல் டென்னிஸ் போட்டியின் நோக்கங்களுள் ஒன்று, கழகத்தின் குதிரை இழுக்கும் தரை உருளையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டுவது. அமெரிக்காவில் இதே காலத்தில் தள்ளுவதற்கு எளிதான, எடை குறைந்த இயந்திரங்கள் வந்தன. இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் எல்வுட் மெக்வயர் 1870இல் செய்த வடிவம் புகழ்பெற்றது. ஆப்பிரிக்க அமெரிக்கரான ஜான் ஆல்பர்ட் பர், வெட்டுண்ட புல் சிக்கிக்கொள்ளாத வடிவத்துக்கு 1899இல் காப்புரிமை பெற்றார்.

நீராவிப் புல்வெட்டியின் கதை தமிழ் வாசகர்க்குக் கூடுதல் ஆர்வம் தரும். லங்காஷயரில் லேலண்ட் என்ற ஊரின் கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் 1890களின் தொடக்கத்தில் நீராவியால் ஓடும் புல்வெட்டியை உருவாக்கினார். அது எடை மிகுந்தது. வேலை தொடங்குமுன் கொதிகலன் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். புல்வெட்டியாக அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் அதில் பெற்ற அனுபவத்தோடு சம்னர், ஸ்பரியர் குடும்பத்தாருடன் சேர்ந்து 1896இல் நீராவி வண்டி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1907இல் அதன் பெயர் லேலண்ட் மோட்டார்ஸ் ஆயிற்று. சென்னை எண்ணூரில் இயங்கிவந்த அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அது பங்கேற்றதும், 1955இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. நம் அரசுப் பேருந்துகளின் முகப்பில் நாம் பார்த்துப் பழகிய பெயருக்குப் பின்னால் ஒரு நீராவிப் புல்வெட்டி இருக்கிறது!

1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீராவி இயந்திரங்கள் விரைவில் வழக்கொழிந்தன. ஆனால் பெட்ரோல் இயந்திரமும் அடுத்த சில பத்தாண்டுகள் பெரிய தோட்டங்களுக்கும் திடல்களுக்குமே உரியதாக இருந்தது. சாதாரண வீட்டுக்காரர் கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டியையே வைத்திருந்தார்.

சுழல் தகடும் புறநகரும்

பட்டிங்கின் முறை கத்தரிக்கோலைப் போன்றது: இரண்டு விளிம்புகள் சந்திக்கும் இடத்தில் புல் வெட்டுப்படுகிறது. அதற்கு அதிக வேகம் வேண்டாம். மனித வலுவே போதும். ஆனால் புல் உயரமாகிவிட்டால் உருளை அதனைச் சாய்த்துவிட்டு மேலே போய்விடும். சிறு குச்சி சிக்கினாலும் நின்றுவிடும்.

சுழல்தகட்டு முறை வேறு வகை. மின்விசிறியைத் தலைகீழாகப் பொருத்தியதுபோல, ஒரே ஒரு தகடு தரைக்கு இணையாகச் சுழன்று புல்லை அடித்து வெட்டும். உராய எதிர்விளிம்பு இல்லாததால் வேகம்தான் வெட்ட வேண்டும். 21 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கையால் தள்ளி இவ்வேகத்தை எட்ட முடியாது, எஞ்சின் கட்டாயம். 1930களில் இங்கிலாந்தில் ரோட்டோசைத் என்ற பெயரில் இத்தகைய இயந்திரம் விற்பனைக்கு வந்தது.

அதனை எளிய மக்களிடம் கொண்டுசேர்த்தவருள் ஒருவர் ஆஸ்திரேலியாவின் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன். சிட்னியில் தம் வீட்டுக் கார்க்கொட்டகையில், 1952இல், ஓர் இருவீச்சு எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதன் அடியில் தகடுகளைப் பொருத்தினார். பெட்ரோல் தொட்டிக்கு அவர் பயன்படுத்தியது காலியான பீச் பழ டப்பா. தம் பெயரின் நடுப்பகுதியைச் சுருக்கி 'விக்டா' என்று பெயரிட்டார். விக்டா ஆஸ்திரேலிய வாழ்வோடு எந்த அளவுக்கு ஒன்றியது என்றால், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகளைத் தள்ளிக்கொண்டு கலைஞர்கள் அணிவகுத்து ஆடினார்கள்.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இதைவிடப் பெரியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக நகரங்களுக்கு வெளியே வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிட்டவுனில் சில ஆண்டுகளில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னே ஒரு புல்தரை. அதனை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும் என்பது குடியிருப்போருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அதே லெவிட்டவுனின் தொடக்க ஒப்பந்தங்களில், வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. ஒழுங்கான புல்தரை நல்ல குடிமகனின் அடையாளம் என்ற எண்ணம் இப்படித்தான் வேர்பிடித்தது. யார் அந்தக் குடிமகன் என்பதையும் அதே தாள் முடிவு செய்தது.

வாரந்தோறும் வெட்ட வேண்டுமென்றால் விலை குறைந்த இயந்திரம் வேண்டும். மில்வாக்கி நகரின் பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் நிறுவனம் 1953இல் எடை குறைந்த அலுமினிய எஞ்சினைப் புல்வெட்டிக்கென வெளியிட்டது. அதன்பின் அமெரிக்கப் புறநகரில் சனிக்கிழமைக் காலை என்றால் புல்வெட்டிச் சத்தம்தான்.

விபத்துகளும் பெருகின. வெட்டிய புல் அடைத்துக்கொண்டால், எஞ்சினை நிறுத்தாமலே கையை உள்ளே விட்டு விரல்களை இழந்தவர் பலர். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1982இல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: இயக்குபவர் கைப்பிடியை விட்ட 3 வினாடிக்குள் தகடு நின்றுவிட வேண்டும். இன்று நடந்து தள்ளும் இயந்திரங்களில் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் கம்பி அதனால் வந்தது.

மின்சாரத்தின் முதல் முயற்சிகள்

மின்சாரப் புல்வெட்டி புதியதன்று. 1920களிலேயே ரான்சம்ஸ் அதனைச் செய்தது. பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்கள் சிறியவை. வீட்டு மின்சாரம் 240 வோல்ட். சுவர் பிளக்கிலிருந்து நீண்ட ஒயரை இழுத்துக்கொண்டு வெட்டுவது அங்கே இயல்பானது. சுவீடனின் கார்ல் டால்மன், காற்றுமெத்தையில் மிதக்கும் ஹோவர்கிராஃப்டைப் பார்த்து, சக்கரமே இல்லாமல் மிதந்து வெட்டும் 'ஃப்ளைமோ' இயந்திரத்தை 1960களில் உருவாக்கினார். அதன் மின்சார வடிவம் பிரிட்டிஷ் வீடுகளில் நன்கு பரவியது. 1980களில் ஃப்ளைமோவும், உருளைக் கத்தியுடைய குவால்காஸ்டும் தொலைக்காட்சி விளம்பரங்களில் மோதிக்கொண்டன. ஒயரையே வெட்டிவிடுவது அக்காலத்தின் பொதுவான விபத்து.

அமெரிக்காவில் முற்றம் பெரியது, மின்னழுத்தம் 120 வோல்ட். ஒயர் அங்கே எடுபடவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969 முதல் 1975 வரை 'எலெக்-டிராக்' என்ற மின்கலத் தோட்ட டிராக்டரை விற்றது. ஆறு ஈய-அமில மின்கலங்கள், மொத்தம் 36 வோல்ட். உட்கார்ந்து ஓட்டலாம், புல் வெட்டலாம், பனி தள்ளலாம். எஞ்சினைவிட அமைதியானது. ஆனால் ஈயத்தின் எடையும் விலையும் அதனை வீழ்த்தின. சுவீடனின் ஹஸ்க்வர்னா 1995இல் சூரிய ஒளியில் தானே ஊர்ந்து வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அன்று வேடிக்கைப் பொருளாகத் தோன்றிய அந்த வகை இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் சாதாரணம்.

இத்தனை காலம் மின்கலம் தோற்றதன் காரணம் எளிய கணக்கில் விளங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட், அதாவது 9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. இன்றைய நல்ல புல்வெட்டி ஒன்றின் மின்கலம் 56 வோல்ட், 7.5 ஆம்பியர் மணி என்றால், அதில் இருப்பது 420 வாட் மணி. அரை யூனிட்டுக்கும் குறைவு. வெறும் ஆற்றலாகப் பார்த்தால் 50 மில்லி பெட்ரோலுக்குக்கூட ஈடில்லை. ஆனால் சிறிய பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட முழுமையாகத் தகட்டுக்குக் கொண்டுசேர்ப்பதில்லை. மீதம் வெப்பமாகப் போகிறது. மின்மோட்டாரோ ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்துவிடும். ஆகவே அந்த மின்கலம் நடைமுறையில் ஏறத்தாழ கால் லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும். ஒரு வீட்டு முற்றத்துக்கு அது போதும். நாள் முழுவதும் பல வீடுகளில் வேலை செய்பவருக்குப் போதாது. பின்னால் வந்த சச்சரவின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டுக்குள் அடங்குகிறது.

ஈய-அமிலத்தில் இதே 420 வாட் மணியைச் சேமிக்கப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை வரும். 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம்தான் நிலைமையை மாற்றியது. முதலில் கேமரா, பின்னர் கைப்பேசி, 2000களின் நடுவில் துளையிடும் கருவிகள், அதன்பின் புல்வெட்டி என்று அது படிப்படியாக இறங்கிவந்தது. கரித்தூரிகை இல்லாத மோட்டார்கள் மலிவானதும் உடன் உதவியது.

புகையின் கணக்கு

லாஸ் ஏஞ்சலஸ் மலைகளால் சூழப்பட்ட பள்ளம். வாகனப் புகை அங்கே தேங்கி, வெயிலில் வேதிமாற்றம் அடைந்து, கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டமாகிறது. கார்களைக் கட்டுப்படுத்திய கலிபோர்னியக் காற்று வளங்கள் வாரியத்தின் பார்வை 1990இல் சிறு எஞ்சின்கள் பக்கம் திரும்பியது. அவ்வாண்டு உருவாக்கிய விதிகள் 1995இல் நடைமுறைக்கு வந்தன. கூட்டாட்சி அரசின் விதிகள் அதன்பின் வந்தவை.

புல்வெட்டியின் எஞ்சின் சிறியதாயினும் புகை சிறியதன்று. காரில் புகையைச் சுத்திகரிக்க வினையூக்கிக் குழாய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்தி எல்லாம் உண்டு. புல்வெட்டியில் இருப்பது எளிய கார்புரேட்டர். கார்கள் ஆண்டுதோறும் தூய்மையாகிக்கொண்டே போக, இவை பின்தங்கின. வணிகப் புல்வெட்டி ஒன்றை ஒரு மணி நேரம் இயக்கினால் வரும் புகைமூட்ட மாசு, 2017ஆம் ஆண்டு மாதிரி டொயோட்டா கேம்ரி காரை ஏறத்தாழ 300 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்று வாரியம் கணக்கிட்டது. இலை ஊதும் இயந்திரத்துக்கு அது 1,100 மைல். கலிபோர்னியாவில் இத்தகைய சிறு எஞ்சின்கள் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் உள்ளன என்றும், அது பயணிகள் கார்களைவிட சுமார் 30 லட்சம் அதிகம் என்றும் வாரியம் கூறியது. இது புகைமூட்டம் உண்டாக்கும் வாயுக்களைப் பற்றிய ஒப்பீடு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கரியமில வாயுவைப் பொறுத்தவரை, அதிக எரிபொருள் எரிக்கும் காரே அதிகம் வெளியிடும். பரப்புரைகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

தென் கலிபோர்னியக் காற்றுத் தர அமைப்பு 2003 முதல் பரிமாற்ற முகாம்களை நடத்தியது. பெட்ரோலையும் எண்ணெயையும் வடித்துவிட்டுப் பழைய இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தால், மின்சார இயந்திரம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒப்படைத்தவை மறுபடி விற்கப்படாமல் உடைத்தழிக்கப்பட்டன.

வீட்டுக்காரர்கள் பலர் மாறியதற்குச் சுற்றுச்சூழல் மட்டும் காரணமன்று. பெட்ரோல் இயந்திரம் வைத்திருந்தவருக்கு அதன் தொல்லை தெரியும். குளிர்காலம் முழுவதும் தொட்டியில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பிசின்போல் அடைத்துக்கொள்ளும். வசந்தத்தில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கும். எண்ணெய் மாற்ற வேண்டும், ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும், காற்று வடிகட்டியைத் தட்ட வேண்டும். மின்சார இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் ஓடும். தகட்டைத் தீட்டுவது மட்டுமே மீதி வேலை. முதியவர்களும், தோள் வலுவில்லாதவர்களும் முதன்முறையாகத் தாமே வெட்ட முடிந்தது. மறுபுறம், உயரமான ஈரப்புல்லில் மின்கலம் விரைவில் தீரும். ஒரு நிறுவனத்தின் மின்கலம் மற்றொன்றின் இயந்திரத்தில் பொருந்தாது. சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்தால், புதியது இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியை விழுங்கும்.

தோட்டக்காரர்கள்

சொந்த முற்றத்தை வெட்டுபவரின் கதை இதுவரை. கலிபோர்னியாவில் பெருமளவு புல்லை வெட்டுபவர்கள் கூலிக்கு வெட்டுபவர்கள்.

அந்தத் தொழிலின் முன்னோடிகள் ஜப்பானியக் குடியேறிகள். 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்தது. பலர் தோட்டவேலைக்கு வந்தனர். ஒரு புல்வெட்டி, ஒரு பழைய லாரி, வாடிக்கை வீடுகளின் பட்டியல்: இதுவே முதலீடு. 1942இல் அமெரிக்க அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவர்கள் கருவிகளையும் வாடிக்கையாளர்களையும் இழந்தனர். போர் முடிந்து திரும்பிய பலர் மீண்டும் அதே தொழிலில் முதலிலிருந்து தொடங்கினர். பிற்காலத்தில் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அந்த இடத்துக்கு வந்தனர்.

பெட்ரோல் கருவிகளுக்கு எதிரான முதல் தடைகள் புல்வெட்டி மீதன்று, இலை ஊதும் இயந்திரத்தின் மீது வந்தன. கார்மல் என்ற கடலோர ஊர் 1975இல் தடை விதித்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம், வீடுகளுக்கு 500 அடிக்குள் பெட்ரோல் ஊதிகளைத் தடைசெய்யும் விதியை 1998இல் நடைமுறைப்படுத்த முற்பட்டது. அமைதி வேண்டும் என்று கேட்டவர்களுள் வசதியான பகுதிகளில் வாழ்ந்தோர் பலர் இருந்தனர். அதே வீடுகளைச் சுத்தம் செய்துவந்த லத்தீன் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் அவ்வாண்டு சனவரியில் நகர மன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தனர். ஊதியின்றித் துடைப்பத்தால் கூட்டினால் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வீடுகள் குறையும். ஆனால் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் கூலி கூடாது என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் ஒரு முரண் உண்டு. புகையை மிக அருகிலிருந்து நாள் முழுவதும் சுவாசிப்பவர்களும், 90 டெசிபெல் அளவிலான இரைச்சலில் காது கெடுபவர்களும் அந்தத் தோட்டக்காரர்களே. மாற்றத்தால் உடல்நலத்தில் அதிகம் பயன்பெறப்போவதும் அவர்கள்தான். அதன் செலவை முதலில் சுமக்கப்போவதும் அவர்கள்தான். தடையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் பாதியை மட்டுமே பேசினர் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

2021 அக்டோபர் 9 அன்று கலிபோர்னிய ஆளுநர் கவின் நியூசம் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். புதிதாக விற்கப்படும் சிறு எஞ்சின் கருவிகள், 2024இல் தொடங்கி அல்லது சாத்தியமாகும் விரைவில், புகையே இல்லாதவையாக இருக்க வேண்டும் என்று அது கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் வாரியம் விதிகளை ஏற்றது. மின்னாக்கிகளுக்கு 2028 வரை அவகாசம் தரப்பட்டது. மின்சாரம் போனபோது அவை தேவை என்பது காரணம். ஏற்கெனவே வைத்திருக்கும் பெட்ரோல் இயந்திரத்தைத் தொடர்ந்து பயன்படுத்தத் தடையில்லை.

தோட்டவேலைத் தொழில்முனைவோர் மாறுவதற்கு உதவியாக 3 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. தொழில் சங்கத்தார் இது போதாது என்றனர். மூவர் கொண்ட குழு ஒரு நாள் வேலைக்கு 30 முதல் 40 மின்கலங்களை முழுதாக ஏற்றி எடுத்துச்செல்ல வேண்டியிருக்கும் என்று அவர்கள் வாதிட்டனர். முன்னே கண்ட கால் லிட்டர் கணக்கை நினைவிற்கொண்டால் இது மிகையாகவே இருந்தாலும் ஆதாரமற்றது அன்று. மேலும் பல தோட்டக்காரர்கள் வாடகைக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இரவில் அத்தனை மின்கலங்களை எங்கே செருகுவது என்பது அவர்களுக்கு நடைமுறைக் கேள்வி.

எஞ்சின் நிறுவனங்களும் அசைந்தன. புறநகர் அமெரிக்காவின் புல்லை வெட்டிய பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் 2020 சூலையில் திவால் பாதுகாப்புக் கோரியது. புதிய உரிமையாளரின் கீழ் தொடரும் அந்நிறுவனம் இப்போது எஞ்சின்களோடு லித்தியம் மின்கலங்களையும் செய்கிறது. வாஷிங்டன் நகரில் 2022 முதல் பெட்ரோல் இலை ஊதிகளுக்குத் தடை உள்ளது. வேறு சில இடங்களில் தடைக்குப் பதில் தள்ளுபடி தரப்படுகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் தோட்டக்காரரின் சரக்கு வண்டியில் இன்று இரண்டு வகையும் சேர்ந்தே கிடப்பதுண்டு: அமைதி வேண்டும் என்று கேட்கும் வீட்டுக்கு ஒரு மின்கல இயந்திரம், மற்ற வீடுகளுக்குப் பழைய பெட்ரோல் இயந்திரம். பழையது பழுதானால் புதிய கார்புரேட்டர் வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை.